ஒரு கை இல்லாத ஸ்வெட்டர்

நாற்பதைத் தொட்டுவிட்ட நம்ம செட்டு ஆட்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சின்ன வயசில் திருவொற்றியூரில் குளிரில் நடுங்கினேன் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மார்கழியில் ஒரு போர்வை போர்த்துவோம், அதுவும் கொசுவுக்கு. மற்ற மாசமெல்லாம் வியர்வை, வியர்வைமேல் லாரிப் புழுதி, புழுதிமேல் மணலிப் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் கேஸ் வாடை. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என் அம்மா ஸ்வெட்டர் பின்னினாள்.

தெருவே ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்த காலம் அது. மறந்திருக்க மாட்டீர்கள். ரெண்டு கலர் ஒயரை வாசல்படியில் பரப்பிவைத்து, சிவன் கண் போடலாமா பிஸ்கட் முடிச்சு போடலாமா என்று பெண்கள் எல்லாம் பேசிக்கொண்டே பின்னுவார்கள். கூடை என்றால் அதில் கத்திரிக்காயாவது வாங்கி வரலாம். அம்மா மட்டும் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் கற்ற ஸ்வெட்டரையும் சாக்ஸையும் விடவில்லை. உல்லன் நூலை எம்.சி. ரோட்டில் ஒரு ஃபேன்சி கடையில் வாங்குவோம். அங்கே அதை வாங்குகிற மற்றவர்கள் எல்லாம் வாசலுக்குத் தோரணம் கட்டுகிறவர்கள். "தோரணத்துக்காம்மா?" என்று கடைக்காரர் கேட்பார். அம்மா ஆமாம் என்று சொல்லிவிடுவாள். உண்மையைச் சொன்னால் விளக்கம் சொல்லி மாளாது.

அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்துக்கு உள்ளே போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை நிற்கும், அந்த வரிசையிலேயே குளித்து, அந்த வரிசையிலேயே சோறு பொங்கிச் சாப்பிடுவார்கள். வீட்டுக்கு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா அவருக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருந்தாள். அவர் அதை நாலாக மடித்து டிரைவர் சீட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாக்ஸ் ஒரு ஜோடி கொடுத்தாள். செருப்பு போடுகிற மனுஷன் சாக்ஸை என்ன செய்வார்? ஒன்றில் ஸ்பேனர்களைப் போட்டு வைத்தார், இன்னொன்றைக் காணோம். அம்மா அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதே இல்லை. அவளுக்குப் பின்னினால் போதும், யார் போட்டார்கள் என்பது அப்புறம்.

பக்கத்துப் போர்ஷன் அக்கா தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டாள்.

"இன்னாக்கா, எந்த மலைக்குப் போப்போற?"

அம்மா சிரிப்பாள். ஊசிகள் நிற்காது.

எனக்கு அப்போது பதினோரு வயசு. எனக்கு அடுத்து அம்மாவுக்கு ரெண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. யாரும் அதைப்பற்றி என்னிடம் பேசியதில்லை, ஆனால் அதற்கப்புறம் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வருவேன். அடுப்பில் டீ இருக்கும், தட்டில் பொரை ரொட்டி இருக்கும், அம்மா ஜன்னல் ஓரம் பின்னிக்கொண்டிருப்பாள். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் கையை உயர்த்துவாள். வரிசை முடிகிறவரை பேசக் கூடாது, பேசினால் கண்ணி எண்ணிக்கை தப்பிவிடும். சரி என்று காத்திருப்பேன். வரிசை முடியும். அவள் ஊசியைத் திருப்பி அடுத்த வரிசையைத் தொடங்கிவிடுவாள். கணக்கு டீச்சர் என்னைத் திட்டியது, கடலோரம் கல் கொட்டின இடத்தில் ஒரு பையன் விழுந்து பல் போனது, இப்படி நான் சொல்ல வைத்திருந்த சேதிகள் எல்லாம் அந்த வரிசைகளுக்கு நடுவில் ஆறிப்போய்விடும். அந்த ஊசிகள் ஒன்றையொன்று உரசுகிற சின்னச் சத்தத்தைக் கேட்டபடி பொரையை டீயில் நனைத்துத் தின்பேன்.

கார்த்திகை மாசம். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, கரண்ட் போய்விட்டது. அப்பா பெங்களூருக்கு லோடு கொண்டுபோயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். ஒரு மெழுகுவத்தி. அம்மா புதுசாகச் சிவப்பு நூல் உருண்டைகளைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தச் சிவப்பு இல்லை, நல்ல பழுத்த மிளகாயின் சிவப்பு.

"யாருக்கும்மா?" என்றேன்.

"உனக்குத்தான். திரும்பு."

திரும்பி நின்றேன். அவள் என் முதுகில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள். டேப் கிடையாது அவளிடம், ஜாணும் விரலும்தான் அளவு. ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குக் கை மெதுவாகப் போனது. பிறகு கழுத்திலிருந்து இடுப்புவரை. இடுப்பில் வந்து நின்ற கை உடனே எடுபடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மழைச் சத்தத்தில் அவள் என்ன நினைத்தாளோ, தெரியாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு விட்டால் அளவு முடிந்துவிடுமோ என்று பயம்.

பொங்கல் முடிந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. எண்ணூரில் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியும் வெற்றிலைப் பையுமாக வந்து இறங்கினாள். அம்மாவுக்கு மறுபடி வயிற்றில் பிள்ளை, இந்தத் தடவை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா கூப்பிட்டிருந்தார். எனக்கு அந்தச் சேதியே அத்தையின் பெட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அத்தைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்று முன்னாடியே ஒரு துரும்பைக்கூட எடுத்து வைக்கக் கூடாது. தொட்டில் துணி கூடாது, சட்டை கூடாது, பேர் யோசிக்கக் கூடாது. பிறந்த பிறகும் தீட்டுக் கழிகிறவரை புதுத்துணி கிடையாது, நாலு பேர் உடுத்தித் துவைத்து நைந்துபோன பழைய வேட்டிதான் முதல் துணி. இதெல்லாம் உங்கள் வீடுகளிலும் கேட்டதுதான். ஆனால் அத்தை அளவுக்கு யாரும் இதைக் காவல் காத்திருக்க மாட்டார்கள். வந்த அன்றைக்கே அம்மாவின் பின்னல் பையை, அது ஒரு பழைய தலையணை உறை, அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"பொண்ணுக்கு அத்தாச்சி."

"பொண்ணுக்குன்னா சரி. சின்னதா எதுனா பின்னினு கீறதப் பாத்தேன், அடுப்புல போட்ருவேன். சொல்லிட்டேன்."

அம்மா தலையாட்டினாள். அத்தை எதிர்ச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். அன்று முதல் அதுதான் அவள் இடம். அம்மா ஊசியை எடுத்தால் அத்தை முறத்தை எடுத்துவிடுவாள்.

எனக்கு அத்தையைப் பிடிக்கவில்லை. வெற்றிலை வாடை, குறட்டை, என் பாயில் பாதி. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அவள் வந்த பிறகுதான் அம்மா என்னை அடிக்கடி கூப்பிட்டாள். "இங்க வாடி, அளவு பாக்கணும்." போய் முதுகைக் காட்டி நிற்பேன். பின்னிய துண்டை முதுகில் வைத்து நீவி விடுவாள். தோளைத் தொடுவாள், கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டைப் பிடிப்பாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இது நடந்தது. அம்மாவின் விரல் நுனிகள் ஊசி உரசி உரசிக் காய்த்திருக்கும், என் கவுன் துணியில் லேசாக மாட்டும். பள்ளிக்கூடத்தில் கடைசி பீரியடில் இருந்தே எனக்கு முதுகில் அந்த இடம் தெரிய ஆரம்பித்துவிடும். எனக்கு ஸ்வெட்டர் வேண்டியிருக்கவில்லை. அது முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அதற்கேற்ற மாதிரி அது முடியவும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் தைத்து ஒட்டியாகிவிட்டது. இரண்டாவது கை மட்டும் வரவே மாட்டேன் என்றது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது கொஞ்சம் பின்னியிருப்பாள், சாயங்காலம் வந்தால் பிரித்துப் போட்டு நூல் சுருள் சுருளாகக் கிடக்கும். "கண்ணி தப்பிடுச்சி" என்பாள். இத்தனை வருஷமாகப் பின்னுகிறவளுக்கு ஒரு கையில் இத்தனை தப்பு வருமா என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்காகத்தான் தப்புப் பண்ணுகிறாள், என்னைத் தொட்டுக்கொண்டே இருக்கத்தான் பிரித்துப் பிரித்துப் பின்னுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த மாசங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஒரு தடவை ஊசியில் இருந்த துண்டை எடுத்து என் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தேன். பாதிகூடச் சுற்றவில்லை. ரெண்டு விரலுக்குத்தான் சரியாக இருந்தது.

"என் கை இம்மாஞ் சின்னதாம்மா?" என்றேன்.

அம்மா சடாரென்று அத்தையைப் பார்த்தாள். அத்தை முறத்தை மடியில் வைத்தபடியே கண்ணசந்திருந்தாள். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, ஊசியை உருவி, நூலை ஒரு இழு இழுத்தாள். கண்ணிகள் சரசரவென்று அவிழ்ந்தன. "தப்பாப் போட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

சித்திரை பிறந்து, எங்களுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. பிள்ளைக்கு இன்னும் நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தை ஆட்டோ பிடித்து ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்னைப் பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் விட்டார்கள். அப்பாவுக்குச் சேதி டிரெய்லர் வரிசையில் டிரைவருக்கு டிரைவர் சொல்லியே போய்ச் சேர்ந்தது, அப்போது ஏது செல்போன்.

அக்கா வீட்டில் ஒரு தட்டுச் சோறு கிடைத்தது, டிவி பார்க்க இடம் கிடைத்தது. இருந்தாலும் பகலில் எங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். அம்மா இருக்கும்போதும் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. ஆனால் ஊசிச் சத்தம் இல்லாத வீடு வேறு மாதிரி இருந்தது. தெருவில் லாரி போனால் தட்டுகள் அதிரும். ஜன்னல் ஓரம் தலையணை உறைப் பை அப்படியே இருந்தது. நான் தொடவில்லை. அம்மா வந்தால் எங்கே விட்டாளோ அங்கிருந்தே தொடங்கட்டும் என்று இருந்தேன்.

மூணாம் நாள் அத்தை திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. அக்கா ஓடி வந்து கேட்டாள். ஆண் பிள்ளை, மாசம் முந்திப் பிறந்தது, உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றாள் அத்தை.

"சூடு ஒடம்புல நிக்க மாட்டேங்குதாம். கம்பளித் தொப்பி, காலுக்குச் சாக்ஸ், உடனே கொண்டான்னு நர்ஸம்மா சொல்லிச்சி. சூடு கொறஞ்சா புள்ள தங்காதாம். எங்க போறது நானு? வண்ணாரப்பேட்டை முழுக்கச் சுத்திட்டேன். இந்த வெயில்ல கம்பளி கேட்டா என்ன லூஸான்னு பாக்கறானுங்க. ஒரே ஒரு கடைல இருந்துச்சி, அதுவும் ஒரு வயசுப் புள்ளைக்கு. அதுவும் புதுசு. புதுச வாங்கி எப்படிடி போடறது?"

பழசு கிடைக்குமா என்று அக்கா தன் வீட்டில் தேடினாள். நம்ம ஊரில் எந்தப் பிள்ளை கம்பளி சாக்ஸ் போட்டு வளர்ந்தது, பழசு இருக்க? பழைய வேட்டி பத்து வீட்டில் கிடைக்கும். பழைய கம்பளி ஒரு வீட்டிலும் இல்லை.

அப்போதுதான் அத்தை ஜன்னல் ஓரப் பையைப் பார்த்தாள். எடுத்து அவிழ்த்தாள். ஸ்வெட்டர் வெளியே வந்தது, அதன் பின்னால் நூலோடு ஊசிகள் வந்தன. ஊசியில் ஒரு சின்னத் துண்டு. இந்தத் தடவை அம்மாவுக்குப் பிரித்துப் போட நேரம் கிடைத்திருக்கவில்லை. நடுவில் மடங்கி, ஒரு பக்கம் குதிகால் மாதிரிப் புடைத்து இருந்தது. குழந்தைக் கால் என்று பார்த்தவுடனே தெரிந்தது, எனக்கே தெரிந்தது.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக் குதிகால் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். வெற்றிலைகூடப் போடவில்லை.

"என் கண்ணு முன்னாலயேடி," என்றாள் கடைசியில். "தினமும் பின்னி, தினமும் பிரிச்சிக்கீறா. எடுத்து வெக்கலன்னு சாமிக்குக் கணக்கு காட்டிக்கீறா."

பிறகு என்னைப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு ஸ்வெட்டரை என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோ."

"இன்னும் முடியல அத்த. ஒரு கை இல்ல."

"போட்டுக்கோடி. நீ போட்டு அவுத்தா அது பழசு. பழசப் பிரிச்சுப் பின்னுனா அதுவும் பழசு. தோஷம் கெடையாது. சும்மா மாட்டி அவுத்தாப் பத்தாது, நல்லா வேர்த்து வுடணும். அப்பதான் உடுத்துன துணி."

சித்திரை வெயில், மத்தியானம். நான் ஒரு கை இல்லாத சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். அத்தை என்னை நிழலில் நிற்க விடவில்லை. அந்தச் சின்னத் துண்டையும் மிச்ச நூல் உருண்டையையும், அதுவும் வேர்க்கட்டும் என்று, ஸ்வெட்டருக்குள் என் இடுப்பில் செருகிவிட்டு, பின்னல் ஊசிகளைத் தன் கொண்டையில் குறுக்கே செருகி முந்தானையால் தலையை மூடியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பையைத் துழாவுகிற ஆளுக்குப் பயந்துதான். உல்லன் நூல் கழுத்தில் குத்தியது, முதுகெல்லாம் அரித்தது. தெருப் பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள். அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பின்னின ஸ்வெட்டரை முதல் தடவையாகப் போட்டிருக்கிறேன், அம்மா பார்க்கப் போகிறாள். தோள் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். இடுப்பில் கை வைப்பாள். அதற்காக ராயபுரம் என்ன, பெங்களூருக்கே வெயிலில் நடந்திருப்பேன்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"இன்னாம்மா, பொண்ணுக்கு ஜுரமா?"

"குளிர் ஜுரம்பா," என்றாள் அத்தை, கண்ணை இமைக்காமல்.

மலேரியா என்று யாரோ சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்தார்கள், ஒரு முழு சீட் காலியானது. டோல்கேட்டில் டிரெய்லர்கள் குறுக்கே நின்று பஸ் அசையவில்லை. எஞ்சின் சூடு காலில் ஏறியது. நெற்றியிலிருந்து வியர்வை ஊற்றியது. அத்தை முந்தானை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள், கழுத்துக்குக் கீழே மட்டும் துடைக்கவில்லை, அது வேர்க்க வேண்டுமே. பிறகு ஸ்வெட்டரின் தோள் தையலை இழுத்து நேராக்கினாள். பின்பக்கம் ஏறியிருந்ததைக் கீழே இழுத்துவிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அளவு கரெக்டாத்தான் கீது," என்றாள். "உனக்கு அழகாக் கீதுடி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சொல்லி எனக்கு என்ன, அம்மா சொல்ல வேண்டும்.

வார்டில் அம்மா சுவர் ஓரக் கட்டிலில் கதவையே பார்த்தபடி படுத்திருந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கண் என்மேல் வந்தது. ஸ்வெட்டர்மேல் வந்தது. நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன், பழக்கதோஷம்.

"கழட்டு," என்றாள் அம்மா. "சீக்கிரம் கழட்டுடி."

கழட்டினேன். ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டு தலைவழியே வர மறுத்தது. அத்தை இழுத்தாள். துண்டும் உருண்டையும் கட்டிலில் விழுந்தன. கொண்டையிலிருந்து ஊசிகளை உருவி அம்மாவிடம் கொடுத்தாள். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை திட்டவில்லை. "இவ போட்டதுதான். பழசுதான். பின்னு," என்றாள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட இல்லாமல் கண்ணியை எடுத்தாள்.

மிச்ச நூல் உருண்டை பாதிச் சாக்ஸுக்குக்கூடக் காணாது. அதனால் ஸ்வெட்டரை என் மடியில் வைத்தார்கள். தைத்து ஒட்டியிருந்த அந்த ஒரு கையை அத்தை பிரித்து, நூல் நுனியை எடுத்துக் கொடுத்தாள். நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டே போனேன், அம்மா மேலே பின்னிக்கொண்டே போனாள். என் மடியிலிருந்து அவள் விரலுக்கு ஒரே நூல். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அவள் என்னைப் பார்க்கட்டும் என்று நூலை லேசாகச் சுண்டினேன்.

"இழுக்காத. லூஸா வுடு," என்றாள், தலை நிமிராமல். அவள் உதடு கண்ணியை எண்ணிக்கொண்டிருந்தது.

லூஸாக விட்டேன்.

நர்ஸம்மா வந்து பார்த்து, துவைத்து வெயிலில் காயவைத்துத்தான் போட வேண்டும் என்றார். டெட்டால் தண்ணீரில் அலசி ஜன்னல் கம்பியில் போட்டார்கள். "தொவச்சா இன்னும் பழசு, ரொம்ப நல்லது," என்று அத்தைக்கு ஒரே திருப்தி. முதலில் ரெண்டு சாக்ஸ், பிறகு தொப்பி. மாற்று வேண்டும் என்று இன்னும் ரெண்டு, இன்னொரு தொப்பி, மேலுக்கு ஒரு சின்னச் சட்டை. அம்மா பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அத்தை என்னை அழைத்துப் போகும்போதெல்லாம் ஸ்வெட்டரைப் பார்ப்பேன். முன்பக்கம் போனது. அப்புறம் போனபோது பின்பக்கம் பாதி. அம்மா கை வைத்து அளந்த இடமெல்லாம் வரிசை வரிசையாகப் போய், கடைசியில் கழுத்துப் பட்டை மட்டும் மிஞ்சியிருந்தது, அதுவும் ஒரு நாள் இல்லை.

தம்பி பிழைத்தான். கண்ணாடி வழியே என்னைத் தூக்கிக் காட்டினார்கள். மிளகாய்ச் சிவப்புத் தொப்பிக்குக் கீழே ஒரு முகம், எலுமிச்சம்பழம்தான் இருக்கும். கால் எங்கே என்று தெரியவில்லை, சாக்ஸ் மட்டும் தெரிந்தது. எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் வரவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்று எல்லாரையும்போல நானும்தான் வேண்டிக்கொண்டேன்.

இப்போது அவன் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான், ஏசியைப் பதினெட்டில் வைத்துப் போர்வை இல்லாமல் தூங்குகிறான். அந்த ஊசிகள் எங்கே போயின என்று தெரியாது. சாக்ஸில் ஒன்று நிறம் போய், அடுப்படியில் சூடான மூடியைப் பிடிக்கிற துணியாக ரொம்ப நாள் கிடந்தது. தம்பி வந்த பிறகு அம்மா பின்னவே இல்லை. நேரம் ஏது? பேசினாள், சிரித்தாள், பாடக்கூடப் பாடினாள். எல்லாம் அவனிடம். நான் அப்போதும் டீயில் பொரையை நனைத்துத் தின்றுகொண்டு வரிசை முடியக் காத்திருந்தேன்.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அப்பா ஒரு தடவை சொன்னார். அத்தைக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது தகரப் பெட்டி நிறையச் சட்டை தைத்து வைத்திருந்தாளாம். பிள்ளை தங்கவில்லை, அப்புறம் பிறக்கவும் இல்லை. குருவிக் கூட்டுக்குக் கல்லெறிய வந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷி, அத்தனை மாசம் முறத்தோடு காவல் இருந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் அவள் சொன்னதற்கு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

போன மாசம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏற்காடு டூர். ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது முட்டி போய்விட்டது, கட்டிலைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. ஸ்வெட்டரை வாங்கி விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"மெஷின் பின்னல்," என்றாள்.

"எனக்கு ஒன்னு பின்னினியே, செவப்பா. ஞாபகம் கீதா?"

"உனக்கா?" அம்மா யோசித்தாள். பிறகு பல் தெரியச் சிரித்தாள். "அடிப் போடி, அது உன் தம்பிக்குப் பின்னினது. உனக்குன்னு சொல்லிக்கினேன். சும்மா நூல கைல வெச்சிகினு இருக்க முடியுமா, உன் அத்த வாய மூட வேணாம்?"

"என் முதுகுல வெச்சி வெச்சி அளந்தியேம்மா."

"அவதான் எதிர்லயே குந்திகினு பாத்துகினு இருந்தாளே. அளக்காம இன்னா பண்றது?"

ஒரு காவல்காரியை ஏமாற்றிய கதையைச் சொல்கிற சந்தோஷம் அவள் முகத்தில். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் சிரித்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மகள் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நல்லவேளை ஜன்னல் சீட் கிடைத்தது.

ஆனால் அத்தை வருவதற்கு முன்னாடியே அம்மா ஒரு தடவை அளந்தாள். கார்த்திகை மழையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில். அங்கே காட்டிக்கொள்ள யாரும் இல்லை, நாங்கள் ரெண்டு பேர்தான். அந்தக் கை கொஞ்ச நேரம் என் இடுப்பிலேயே இருந்தது. அது எனக்கென்று வைத்த கை.

தம்பி பிறந்தது சித்திரையில், மாசம் முந்தி. அவன் வயிற்றில் வந்தது அம்மாவுக்குக் கார்த்திகையிலேயே தெரியுமா, தெரியாதா? விரலை விட்டு எண்ணினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் இதுவரை எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம்.